மடைகிட்ட போயி நில்லு

"எய்யா, இங்க நின்னா வெயிலு கண்ணுல அடிக்கும்லா? கீழக்கரைல மடைகிட்ட போயி நில்லு, தண்ணி வத்தி அங்கதான் கெடக்கு, மீனும் அங்கதான்."

திருநெல்வேலி பக்கத்துல ராஜவல்லிபுரம் குளத்துல இன்னிக்கு காலைல ஆடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு ஆச்சி சொன்னது. ஒரு மணி நேரமா பறவை பாக்க பைனாகுலரோட தப்பான கரைல நின்னுட்டு இருந்திருக்கேன்.

போய் பாத்தா முப்பது நாப்பது மஞ்சள் மூக்கு நாரை.

பக்கத்துல இருந்த ஒன்னு அலகை பாதி தொறந்து தண்ணிக்குள்ள விட்டு இடதும் வலதுமா அலசிக்கிட்டே நடக்குது, கால வெச்சு சேத்தை கலக்குது, மீனை கண்ணால தேடவே இல்ல, அலகுல பட்ட நொடி டப்புனு மூடிடுது. முழங்கால் ஆழத்துக்கு மேல தண்ணி இருந்தா இந்த வேலை நடக்காது.

அதான் விஷயம். நல்ல ஸ்பாட்னு மேப்ல புள்ளி வெச்சு பிரயோஜனமில்ல, தண்ணி எவ்ளோ இறங்கியிருக்குனு பாக்கணும். பிசானம் நெல் அறுப்பு நேரத்துல தாமிரபரணி பாசனக் குளமெல்லாம் ஒவ்வொன்னா வத்தும், பறவையும் ஒவ்வொன்னா மாறிக்கிட்டே இருக்கும். இந்த மாசம் இங்க, அடுத்த மாசம் வேற குளம்.

கூடு பாக்கணும்னா திருப்புடைமருதூர். கோயிலை ஒட்டி ஆத்தங்கரை மரங்கள்ல நாரையும் கொக்கும். ஊர்க்காரங்களே காப்பாத்தி வந்த எடம், 2005ல அரசு பாதுகாப்பு காப்பகமா அறிவிச்சுது. எனக்கு ரொம்ப பிடிச்ச ஊர்.

ஆச்சிகிட்ட இன்னும் கேட்டிருக்கணும். அடுத்த ஞாயிறு மறுபடி போறேன்.