சாவிக் கொக்கி

ஜூலை 19, சனி

கொக்கி காலியாகக் கிடக்கிறது. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

ஜூலை 20, ஞாயிறு

வேன் எங்கே என்று மாமி மூன்று தடவை கேட்டுவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறோம் என்றேன். "ஆடி மாசத்துலயா ரிப்பேருக்கு விடுவாங்க?" என்றார். முப்பது வருஷம் சிங்கப்பூர்த் தேக்காவில் பூக்கட்டியவரிடம் இதைச் சொன்னால் நம்புவாரா? இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று பார்க்கிறேன்.

முதல் ஆடி வெள்ளி. விடிகாலை மூன்று மணிக்கு டிரைவர் தம்பி போன் செய்தான். "அக்கா, காய்ச்சல்க்கா, எழுந்திரிக்கவே முடியல." சாங்கி விமான நிலையத்தில் மல்லி வந்து இறங்கியாயிற்று. பெட்டிக்குள் ஐஸ் இருக்கும்வரைதான் மொட்டு மூடியிருக்கும். விரிந்துவிட்டால் நாரில் நிற்காது, தலை தலையாக உதிரும். மூன்று கோயில் ஆர்டர், அது போகக் கடைக்கு வருகிறவர்கள்.

இவர் கேட்கவில்லை. இதை நான் மறக்கக் கூடாது. சட்டையைக்கூடப் போடாமல் சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நான்தான் கொக்கியிலிருந்து சாவியை எடுத்தேன். பித்தளை வேல் கோர்த்த சாவி. முதல் நாள் அரளி நனைத்த ஈரம் கையில் அப்படியே இருந்தது. இவர் உள்ளங்கையில் வைத்தேன். "ஒரே ஒரு தடவை, மெதுவா போய்ட்டு வாங்க" என்றேன்.

நாலேகாலுக்குப் பாயா லேபார் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். சாலைச் சோதனை. அடையாள அட்டை எண்ணைத் தட்டினாலே, இவர் வண்டி ஓட்டக் கூடாது என்று கோர்ட்டு போட்ட தடை திரையில் வந்துவிடுகிறது.

இரண்டு டாக்சி பிடித்திருந்தால் நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. லாரி வாடகைக்கு எடுத்தோம். பாதிப் பூதான் வந்தது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாம் வெள்ளி. வக்கீலைப் பார்த்தோம். தமிழிலேயே பேசினார், அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. முன்னால் கிடைத்த தீர்ப்பைப் படித்துவிட்டு, பதினைந்து மாதத் தடையில் நாலு மாதம்தான் முடிந்திருக்கிறதா என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தடை இருக்கும்போது ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2019ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்களாம். இரண்டாவது தடவை மாட்டினால் 20,000, ஆறு வருஷம். அபராதத்தோடு விடுவார்களா என்றேன். கோர்ட்டு விதித்த தடையைத் தெரிந்தே மீறியவருக்குப் பெரும்பாலும் சிறைதான், வாரக்கணக்கில் வரலாம் என்றார். எவ்வளவு தூரம் ஓட்டினார், எதற்கு ஓட்டினார் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கச் சொல்லலாம். பூ வாடிவிடும் என்பது சட்டத்துக்குக் காரணமே இல்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் வருமாம். உரிமம் செல்லாதபோது காப்புறுதியும் செல்லாது. அந்த ஒரு மணி நேரம் எங்கள் வேன் காப்புறுதியே இல்லாமல் ரோட்டில் ஓடியிருக்கிறது. யார் மீதாவது மோதியிருந்தால்? அப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். சைக்கிளில் போன அந்த வங்காளதேசத்துப் பையன். தோள்பட்டை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் இவரைப் பார்த்ததும் இடது கையால் வணக்கம் சொன்னான். அவனுக்காகத்தான் அந்தப் பதினைந்து மாதம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவன் என் நினைவில் வரவே இல்லை. அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

ஜூலை 26, சனி

வேன் என் பேரில் இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

போலீசிடமிருந்து போன். புதன்கிழமை பத்து மணிக்கு ஊபியில் போக்குவரத்துப் போலீஸ் தலைமையகத்துக்கு வரச் சொன்னார்கள். "உரிமையாளர் நீங்கள்தானே?"

இரவு இவர் வாயைத் திறந்தார். "நானாவேதான் சாவியை எடுத்தேன், அவ தூங்கிட்டிருந்தான்னு அன்னைக்கே சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

உரிமையாளர் சம்மதமில்லாமல் எடுத்திருந்தால் வேன் திரும்பி வரலாம். சம்மதத்தோடு என்றால் அரசு பறிமுதல் கேட்கலாம். தடையுள்ளவர் ஓட்ட அனுமதித்தது எனக்கும் குற்றம், தண்டனையும் லேசில்லை. வக்கீலுக்குப் போன் போட்டேன். "என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன்மா. பொய் வாக்குமூலம் கொடுத்தா அது தனிக் குற்றம்" என்றார்.

வேனை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், சிஓஇ, 2029 வரை இருக்கிறது. என் தாலிக்கொடியைத் தவிர மீதி நகையெல்லாம் அந்த வேனில்தான் போயிருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

இவர் என்னைக் காப்பாற்றுகிறார். நான் இவரை என்ன செய்யப் போகிறேன்? தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். மனைவி தூங்கும்போது திருட்டுத்தனமாக எடுத்தவர் என்று இவர் பேரில் ஏறும். இந்த வீட்டில் ஒரு துளசி இலையைக்கூட என்னிடம் கேட்காமல் கிள்ளாதவர்.

ஜூலை 30, புதன்

சொல்லிவிட்டேன். நான்தான் கொடுத்தேன் என்று.

அதிகாரி சின்ன வயதுப் பெண். தட்டச்சை நிறுத்திவிட்டு, "அவருக்குத் தடை இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். "உள்ளங்கையில் வைத்தேன்" என்பது "ஒப்படைத்தேன்" ஆகியிருந்தது. திருத்தச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் பக்கத்திலேயே ஓட்டுநர் பயிற்சி நிலையம். எல் பலகை மாட்டிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போயின. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 31, வியாழன்

இவர் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்றாம் வெள்ளி. பேசவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாலாம் வெள்ளி. விடிகாலை பெட்டியை உடைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாரை நனைத்து என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் கட்டினோம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. ஏழு முழம் ஆனதும், "பயந்துட்டேன்டி, உன்னை உள்ளே வெச்சுருவாங்களோன்னு" என்றார்.

மல்லி அன்று நன்றாக இருந்தது. மொட்டு கெட்டியாக, பச்சைக் காம்போடு.

நவம்பர் 11, செவ்வாய்

இவர் மேல் குற்றம் சாட்டிவிட்டார்கள். ஹேவ்லாக் ஸ்குவேரில் அந்த உயரமான நீதிமன்றக் கட்டடம். லிப்டில் காது அடைத்தது. என்னைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ஆறு வாரம். விடுதலையாகும் நாளிலிருந்து மூன்று வருஷத் தடை. வேன் பறிமுதல்.

ஒப்புக்கொண்டதால் குறைவாம். நன்னடத்தையோடு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, இருபத்தெட்டு நாள். பழைய தடையே ஒரு வருஷத்துக்கு மேல் என்பதால் உரிமம் அப்போதே செத்துவிட்டது, இந்தத் தடையும் முடிந்தபிறகுதான் தியரியிலிருந்து எல்லாத் தேர்வையும் மறுபடி எழுதவேண்டும். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். தைப்பூசம் முடிந்து வர அவகாசம் கேட்டார் வக்கீல். பிப்ரவரி 3 என்று கொடுத்தார்கள். நீதிபதிக்கு மனசு இருந்தது.

மாமியிடம் நானே சொன்னேன். அழவில்லை. "மாற்றுச் சாவி இருக்குமே, அதையும் கொடுத்துட்டு வா" என்றார். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஜனவரி 21, புதன்

எனக்குக் கடும் எச்சரிக்கை மட்டும். கடிதத்தை நாலு தடவை படித்தேன். சந்தோஷப்பட முடியவில்லை.

ஜனவரி 26, திங்கள்

மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். காவடிக்காரர்களுக்கும் பால்குடத்துக்கும் நேற்றிலிருந்து மாலை. கையெல்லாம் நார் அறுத்திருக்கிறது. நாள் முழுக்க வாடகை லாரி, நாலு நடை.

பிப்ரவரி 2, திங்கள்

பேசிக் தியரிக்குப் பதிந்துவிட்டேன். 50 கேள்வி, 45 சரியாக வரவேண்டும். இரவு இவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டார், நான் பதில் சொன்னேன். மழையில் முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதில் தப்பு செய்தேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நாளைக்குப் போடும் சட்டையை மாமி தேய்த்து நாற்காலியில் மாட்டியிருக்கிறார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தினோம். கீழே சம்பங்கி வந்து இறங்கிவிட்டதாம், போன் வந்தது. இவரே எழுந்து