மஸ்டாங்கை ட்ராக்குக்குக் கொண்டுபோகும் முன்

அமெரிக்காவில் குடியேறி, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வாங்கிப் பந்தய ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கலாம் என்று டீலரிடம் போகிறவர்கள், முதலில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் படிக்க வேண்டும். ‘பெர்ஃபார்மன்ஸ் பேக்’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்து லிட்டர் வி8 இன்ஜினும் 480 குதிரைசக்தியும் எல்லா ஜிடியிலும் வரும். 390 மி.மீ. முன் பிரேக் டிஸ்க், அதைப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டார்சன் டிஃபரென்ஷியல், கெட்டியான ஸ்பிரிங் எல்லாம் வேண்டுமென்றால் அந்த வரி இருக்க வேண்டும். 2024 மாடல் அறிமுகமானபோது ஜிடியின் விலை டெலிவரி செலவோடு 43,090 டாலர். பேக்குக்கு மேலும் ஐயாயிரம் டாலர் அளவில் ஆனது. வாங்கிய பிறகு அதே சாமான்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் அந்தப் பணத்துக்குள் முடியாது.

ஊரில் கார் வாங்கும்போது மைலேஜ், மறுவிற்பனை, சர்வீஸ் செலவு என்று பார்த்துப் பழகியிருக்கிறோம். ட்ராக்கில் ஓட்டப்போகும் வண்டிக்கு ஒரே கேள்விதான்: சூட்டைத் தாங்குமா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 1,800 கிலோ எடை ஒன்று மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கினால், பிரேக் விழுங்கும் ஆற்றல் ஏறக்குறைய 23 லட்சம் ஜூல். எட்டு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ட்ராக்கில் ஒரு சுற்றுக்கு இப்படி மூன்று நான்கு இடம் வரும். ஒரு செஷன் இருபது நிமிடம். மஸ்டாங் ஜிடி தானே 1,730 கிலோவைத் தாண்டும். ஓட்டுபவரும் பக்கத்தில் பயிற்சியாளரும் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு குறைவுதான். டொயோட்டா ஜிஆர்86 மாதிரியான சின்ன வண்டிகள் பாதிக் குதிரைசக்தியோடு நாள் முழுக்கத் தொல்லையில்லாமல் ஓடுவது இதனால்தான். அவற்றின் எடை 1,300 கிலோவுக்குள். அமெரிக்க வண்டியின் பலம் நேர்ச்சாலையில் இருக்கிறது. அதற்கான விலையை பிரேக்கும் டயரும் கொடுக்கின்றன.

புதிதாகக் கிடைக்கும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களில், கைக்கு எட்டும் விலையில் இன்று மிஞ்சியிருப்பது மஸ்டாங் மட்டுமே. செவ்ரலே கமேரோவின் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றது. டாட்ஜ் சேலஞ்சரும் அந்த ஆண்டோடு முடிந்தது; அது ட்ராக்குக்கு எடை அதிகமான வண்டி. கார்வெட் சி8 அருமையான ட்ராக் வண்டி, ஆனால் 2020இல் 60,000 டாலருக்குள் தொடங்கிய விலை இப்போது வேறு தட்டில் நிற்கிறது. மஸ்டாங்கிலேயே டார்க் ஹார்ஸ் எடுத்தால் இன்ஜின் ஆயிலுக்குத் தனிக் கூலர், பின் ஆக்ஸிலுக்குக் கூலர், டிரெமெக் மேனுவல் கியர்பாக்ஸ் எல்லாம் கம்பெனியிலேயே பூட்டி வரும். 2024இல் அதன் தொடக்க விலை 59,565 டாலர். மஸ்டாங்கின் இன்னொரு வகையான 2.3 லிட்டர் டர்போ எக்கோபூஸ்ட் 315 குதிரைசக்தி தரும். மூக்கு இலேசாக இருப்பதால் வளைவில் சுகமாகத் திரும்பும். ஆனால் டல்லாஸ் கோடையில் நாலைந்து சுற்றிலேயே டர்போ சூடேறி, கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைத்துவிடும். அதில் இப்போது மேனுவல் கியரும் இல்லை.

பழைய வண்டி வாங்கத் தயக்கமில்லையென்றால், இந்தப் பணத்துக்குச் சிறந்த ட்ராக் வண்டி, ட்ராக்குக்கென்றே தயாரான 1எல்இ பேக்கேஜ் உள்ள கமேரோ. 2017இல் வி6, வி8 இரண்டிலும் வந்தது. எஸ்எஸ் 1எல்இயில் 455 குதிரைசக்தி தரும் 6.2 லிட்டர் வி8, எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல், காந்த டேம்பர் (ஷாக் அப்சார்பர்) எல்லாம் உண்டு. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் கூலர் இருக்கிறது. வி6 1எல்இயின் 335 குதிரைசக்தி ட்ராக் பழகுபவருக்கு ஏராளம். டயரையும் பிரேக் பேடையும் அது மெதுவாகத்தான் தின்னும். முதல் வண்டியாக அதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கமேரோவின் குறை உள்ளே உட்கார்ந்தால் தெரியும். ஜன்னல் குறுகல், கூரை தாழ்வு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சன்ரூஃப் இருந்தால் தலைக்கு மேல் இன்னும் இடம் குறையும். பழைய வண்டியில் டிஸ்க்கில் மயிரிழை விரிசல், முன் டயரின் வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருப்பது, சக்கரத்துக்குப் பின்னால் கல் தெறித்த தழும்பு ஆகியவை இருந்தால் அது ட்ராக் பார்த்த வண்டி. அதனாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். ‘சால்வேஜ் டைட்டில்’, அதாவது பெரிய சேதம் அடைந்ததாகப் பதிவான வண்டி என்று இருந்தால் மட்டும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கன்வெர்டிபிள் ஆசை யாருக்கும் வரும். ஆனால் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் இல்லாத கன்வெர்டிபிளை, சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்ட நாள் ஒதுக்கும் ‘ட்ராக் டே’ அமைப்புகளில் பெரும்பாலானவை உள்ளே விடமாட்டா.

இனி இன்ஷூரன்ஸ். நாட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு இங்கே ஓட்டிய வரலாறும் இருக்காது, கிரெடிட் வரலாறும் இருக்காது. அதோடு வி8 என்றால் பிரீமியம் மாதத் தவணையின் பாதியைத் தொடலாம். கையெழுத்துப் போடும் முன் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து விலை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, சாதாரண கார் பாலிசியின் விலக்குகள் பகுதியை வரிக்கு வரி படியுங்கள். பந்தயத்துக்காகக் கட்டிய இடத்தில் நடக்கும் எந்தச் சேதத்துக்கும் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். ‘ரேஸ் இல்லை, பயிற்சிதான்’ என்ற வாதம் அங்கே நிற்காது. ட்ராக் டேக்கென்றே ஒருநாள் இன்ஷூரன்ஸ் தனியாக விற்கிறார்கள். வண்டிக்கு நீங்கள் சொல்லும் மதிப்பையும், முதலில் நீங்கள் ஏற்கும் தொகையையும் வைத்து அதன் விலை அமையும். வண்டிக் கடன் மிச்சமிருப்பவர்கள் இதை எடுக்காமல் போகவே கூடாது. வண்டி நொறுங்கினாலும் தவணை நொறுங்காது. வாடகைக் காரைக் கொண்டுபோகும் யோசனை வேண்டாம். ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும்.

எங்கே ஓட்டுவது? பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு வில்லோஸ் ஊரில் தண்டர்ஹில், மான்டரே பக்கம் லகூனா செகா, வடக்கே சொனோமா. டல்லாஸ்காரர்களுக்கு கிரெஸன் ஊர் ட்ராக், ஆஸ்டினில் ஏறக்குறைய 3.4 மைல் நீளமுள்ள காட்டா (சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ்). எடிசன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மில்வில்லில் நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க். ஸ்கார்பரோ, மார்க்கம் தமிழர்களுக்கு மோஸ்போர்ட் கிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரம். 1961இல் திறந்த ட்ராக் அது, கனடிய கிராண்ட் ப்ரீ நடந்த இடம். மேடும் பள்ளமுமாக, மறைந்து வரும் வளைவுகளோடு இருப்பதால் முதல் நாளுக்கு அதைவிடச் சாதுவான ட்ராக் நல்லது. லகூனா செகாவில் பெரும்பாலான நாட்களில் 90 டெசிபல் சத்த வரம்பு உண்டு. மஸ்டாங்கில் ஆக்டிவ் எக்ஸாஸ்ட் இருந்தால் அமைதி நிலையில் வைத்துவிட்டு ட்ராக்கில் இறங்குங்கள்.

எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) நடத்தும் ‘ட்ராக் நைட் இன் அமெரிக்கா’ வார நாள் மாலையில் மூன்று இருபது நிமிட செஷன். ஆபீஸ் முடித்துவிட்டுப் போய்வரலாம். ஆனால் அதில் பயிற்சியாளர் உங்கள் பக்கத்தில் உட்காரமாட்டார். முதல்முறை போகிறவர்கள் பயிற்சியாளர் உட்காரும் எச்பிடிஇ என்ற ஓட்டுநர் பயிற்சி நாளைத் தேர்ந்தெடுப்பதே சரி. நாசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் ஓட்டுநர்களை ஒன்று முதல் நான்கு வரை படி பிரித்து நடத்துகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஐஎஸ்ஐ ஹெல்மெட் செல்லாது. ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை வேண்டும், அதுவும் பல இடங்களில் கார் பந்தயத்துக்கான எஸ்ஏ வகை. மோட்டார்சைக்கிளுக்கான எம் வகையில் தீத்தடுப்பு உள்துணி கட்டாயமில்லை, ரோல் பாரில் மோதும் சோதனையும் இல்லை. வாங்குவதானால் எஸ்ஏ 2020 அல்லது அதற்குப் புதியதையே வாங்குங்கள். பழைய முத்திரைகளைச் சில ஆண்டுகளில் நிறுத்திவிடுவார்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, முழுக்கால் பேன்ட், மெல்லிய அடி ஷூ. செருப்போடு உள்ளே விடமாட்டார்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. இங்கே யாரும் அதை எச்சரிப்பதில்லை. நம் ஊர் வண்டியில் இடது கையால் கியர் போடுகிறோம்; ஒன்றாம் கியரும் இரண்டாம் கியரும் நம்மைவிட்டுத் தள்ளி இருக்கும். இங்கே வலது கை. அதே ஒன்றும் இரண்டும் தொடைப்பக்கம் இருக்கும். மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை பழக்கதோஷத்தில் உடம்பை நோக்கி வந்தால் கியர் இரண்டில் விழும். மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் இருந்த இன்ஜின் அந்த நொடியில் பத்தாயிரத்தைத் தாண்டும். வால்வு வளையும், கனெக்டிங் ராடே கூட உடையலாம். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழலாமல் காக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலை மட்டும்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. குமிழை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையால் நேராகக் கீழே இழுங்கள். மூன்றும் நான்கும் ஒரே கோட்டில் இருக்கின்றன, ஸ்பிரிங் தானே நடுவில் வைக்கும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் வேகமாக ஓட்டியவர்களுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்குக் கூடுதலாகவே, ஏனென்றால் அவர்கள் கை யோசிக்காமல் வேலை செய்யும். பத்து கியர் ஆட்டோமேட்டிக் எடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

முந்துவதிலும் இதே தலைகீழ்தான். முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினால்தான் முந்தலாம். இடது பக்கம் காட்டினால் இடது, கூரைக்கு மேலே கையை வளைத்துக் காட்டினால் வலது. கை காட்டாதவரை பின்னாலேயே போக வேண்டும். உங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்தால், நேர்ச்சாலை வந்ததும் ஒரு வண்டிக்கு ஒருமுறை என்று கை காட்டி ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உங்களிடம் 480 குதிரைசக்தி இருப்பதால், தளர்த்தாவிட்டால் பின்னால் வரும் மியாட்டா மாதிரிச் சின்ன காரால் நேர்ச்சாலையில் தாண்டவே முடியாது. கறுப்புக் கொடியை உங்களை நோக்கிக் காட்டினால் நிதானமாக, வண்டிகள் வந்து நிற்கும் பிட்டுக்கு வந்துவிடுங்கள்.

வண்டியைத் தயார் செய்வதில் முதல் செலவு பிரேக் ஆயில். பவர் கூட்டுவது பிறகு. சாதாரண டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சியபின் 155 டிகிரி. இரண்டு வருடம் பழகிய ஆயில் காலிப்பருக்குள் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையோடு போய்விடும், வண்டி நிற்காது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போட்டால் புதிய நிலையில் 312 டிகிரி வரை தாங்கும். அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். பழையதை முழுக்க வெளியேற்றவே ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்று ஏர் எடுங்கள். பிரேக் ஆயில் டப்பாவைக் காலியாக விட்டால் ஏர் ஏபிஎஸ்ஸுக்குள் போய்விடும். அதை எடுக்க ஸ்கேன் கருவியோடு பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தேயத் தேய டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் எளிதாக ஏறும். தெருவுக்கான பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் மெத்தென்று இறங்கினால் குற்றம் ஆயிலில், கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் குற்றம் பேடில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் காசு மிச்சம்.

டயர் காற்றைக் காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செஷனில் ஆறு முதல் எட்டு பிஎஸ்ஐ ஏறும். பிட்டுக்கு வந்த உடனே அளந்து, சூட்டில் 34 முதல் 36க்குள் இருக்கும்படி இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்ற வேண்டும், அதனால் சின்ன பம்பு ஒன்று டிக்கியில் இருக்கட்டும். முன் சக்கரத்தின் கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், கம்பெனி அளவிலேயே இருந்தால் டயரின் வெளிவிளிம்பு இரண்டு மூன்று நாளில் தேய்ந்துவிடும். அதை மாற்றும் கேம்பர் பிளேட் போட்டு மைனஸ் 2.5 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்தால், பிளேட்டின் விலையை டயரிலேயே மீட்டுவிடலாம். 2015க்குப் பிந்திய மஸ்டாங் வீல் நட்டுக்கு 150 பவுண்டு-அடி முறுக்கு. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒவ்வொரு செஷனுக்கு முன்னும் பாருங்கள். வட மாநிலங்களிலும் ஒன்டாரியோவிலும் இந்தக் கோடை டயர்களோடு பனிக்காலத்தில் இறங்காதீர்கள். மைனஸ் ஏழு டிகிரிக்குக் கீழே ரப்பர் விரிசல் விடலாம், ஓட்டாமல் கராஜில் நிறுத்தியிருந்தாலும்.

ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகச் சுற்றி வாருங்கள். நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான பேடை டிஸ்க்கோடு அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்கும்போது அதிரும்.

மாலையில் திரும்பும்போது கண் ட்ராக் வேகத்துக்குப் பழகியிருக்கும், 90 மைல் 60 மாதிரித் தெரியும். வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வேயிலிருந்து வருகிறவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் மணிக்கு 85 மைலைத் தாண்டினாலோ, வரம்பைவிட 20 மைல் கூடினாலோ, அது வெறும் அபராதச் சீட்டு அல்ல, ‘ரெக்லஸ் டிரைவிங்’ என்னும் கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களில் குற்றப் பின்னணி பற்றிக் கேட்கும் பக்கத்தில் அதை எழுதியாக வேண்டும். ட்ராக் கேட்டைத் தாண்டிய உடனே குரூஸ் கண்ட்ரோலைச் சாலை வரம்பில் வைத்துவிட்டு ஓட்டுங்கள்.