பேரில்லாத கிராஸ்

பழைய போர் மெடல் சேக்குறவங்க எதைக் கையில எடுத்தாலும் முதல்ல விளிம்பைத்தான் பாப்பாங்க. முன்பக்கம் இருக்குற படம் ஒரே வகை மெடல் எல்லாத்துலயும் ஒண்ணுதான், ஆள் யாருன்னு சொல்றது விளிம்புல இருக்குற அந்த ஒரு வரி. எனக்கு இது லேட்டாதான் புரிஞ்சுது, ஏன்னா நான் முதன்முதலா வாங்குனது ஒரு மிலிட்டரி கிராஸ்.

1914 டிசம்பர்ல பிரிட்டிஷ்காரங்க கொண்டு வந்த வீர மெடல் அது, அப்போ கேப்டனும் அதுக்குக் கீழ உள்ள ஆபீசர்களும் வாரண்ட் ஆபீசர்களும்தான் வாங்க முடிஞ்சுது. வெள்ளியில செஞ்ச சிலுவை, நாலு கை முனையிலயும் கிரீடம், வெள்ளை ஊதா வெள்ளைன்னு ரிப்பன். வந்த அன்னைக்கு ராத்திரி லென்ஸ வச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன், எங்கயுமே பேரு இல்ல. டூப்ளிகேட்டோன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அரசாங்கமே பேரு பொறிக்காமதான் குடுத்திருக்கு. 1916-ல சிப்பாய்களுக்குன்னு வந்த மிலிட்டரி மெடல்ல விளிம்பு பூரா நம்பர், ரேங்க், பேரு, ரெஜிமென்ட் எல்லாம் இருக்கும், ஆபீசரோட கிராஸ்ல ஒண்ணும் கிடையாது. முதல் உலகப்போருக்கு மட்டும் 37,000-க்கு மேல குடுத்திருக்காங்க, அதுல என் கையில இருக்குறது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

சில குடும்பங்கள் சொந்தமா பின்பக்கம் பேரு வெட்டி வச்சிருப்பாங்க. ஆனா பேரை யாரு வேணா இப்பக்கூட வெட்டலாம், அதனால எழுத்துக்குள்ள பழைய அழுக்கு இருக்கா, மெடல் தேஞ்ச அளவுக்கு எழுத்தும் தேஞ்சிருக்கான்னு பாக்கணும். (தயவுசெஞ்சு பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க, இருக்குற ஒரே சாட்சியும் போயிடும்.)

அப்போ ஆபீசரோட பேரு எங்க இருக்கும்னா, எல்லாருக்கும் குடுத்த சாதாரண போர் மெடல்கள்ல. பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல். சிப்பாய்களுக்கு இது தானா வந்துடும், ஆபீசருங்க விண்ணப்பம் போட்டுத்தான் வாங்கணும், போடாமலே விட்டவங்களும் உண்டு. விளிம்புல ரேங்க்கும் பேரும் மட்டும்தான், நம்பர் கிடையாது, ரெஜிமென்ட்டும் பெரும்பாலும் இருக்காது. 1914-15 ஸ்டார்ங்குற இன்னொரு போர் மெடல் கூட இருந்தா அதோட பின்பக்கம் ரெஜிமென்ட் இருக்கும், அது பெரிய உதவி. இந்த வெள்ளி வார் மெடல்கள்ல நிறைய, 1980 வாக்குல வெள்ளி விலை தாறுமாறா ஏறுனப்போ உருக்கப்பட்டுடுச்சு, நினைச்சாலே வயிறு எரியுது.

போன வருஷம் ஒரு கேப்டனோட இந்த ரெண்டு மெடலும் ஜோடியா கிடைச்சுது. அபூர்வமான குடும்பப் பேரு, அதனால தேட முடிஞ்சுது. லண்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இருக்குற மெடல் கார்டுல ரெஜிமென்ட் கிடைச்சுது, அத வச்சு லண்டன் கெசட்ல, அதாவது பிரிட்டிஷ் அரசாங்க அறிவிப்பு இதழ்ல, தேடுனா அந்த ஆளு மிலிட்டரி கிராஸ் வாங்குனவரு! ராஜா பிறந்தநாள், புத்தாண்டுக்கு வர்ற விருதுப் பட்டியல்ல வந்தா வெறும் பேருதான் இருக்கும், இவருக்கு என்ன செஞ்சாருன்னே நாலு வரி போட்டிருந்தாங்க. காயம்பட்ட ஆளுங்கள குண்டு விழுற எடத்துல இருந்து ராத்திரியில தூக்கிட்டு வந்திருக்காரு. அந்த நாலு வரிய எத்தனை தடவ படிச்சேன்னு எனக்கே தெரியல.

அப்போ கிராஸ் எங்க? மாதிரிக்கு ஒண்ணு போதும்னு நினைக்குறவங்க அத மட்டும் கேப்பாங்க, டீலரும் பிரிச்சு வித்துடுவாரு. பிரிச்ச நிமிஷத்துல இருந்து அது யாரோடதும் இல்ல, திரும்பி என் கைக்கே வந்தாலும் எனக்குத் தெரியாது. இது பெரிய தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

வித்தவருக்கு எழுதிக் கேட்டேன். மூணும் ஒரே பெட்டியிலதான் வந்துச்சாம், கிராஸ் முதல் வாரமே போயிடுச்சாம், யாருக்குன்னு குறிச்சு வைக்கலயாம்.