இட்டேரியில் நடந்தபடி ஒரு பயிற்சி

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் தொழில் நடத்துபவர்களுக்கும் மேலாளர்களுக்கும் உரையாடல் மூலம் தம் வழியைத் தாமே கண்டறிய உதவும் தனிநபர் பயிற்சியாளராகப் (கோச்) பணியாற்றும் நான், சில ஆண்டுகளாகப் பெரும்பாலான அமர்வுகளைக் குளக்கரையிலும் இருபுறமும் வேலி சூழ்ந்த தோட்டத்து மண்பாதையான இட்டேரியிலும் நடந்தபடியே நடத்திவருகிறேன். எதிரெதிரே நாற்காலியில் அமர்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல, நடுவே குறிப்பேடும் இருந்துவிட்டால் அது விசாரணையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. குடும்பத்துப் பேச்சை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பே வாயை அடைத்துவிடும்.

பின்னலாடை நிறுவனம் ஒன்றின் இரண்டாம் தலைமுறை உரிமையாளர், அறையில் அமர்ந்தபோதெல்லாம் ஆர்டர், ஷிப்மென்ட், ஆள் பற்றாக்குறை என்பவற்றையே பேசிவந்தார். கிளுவை வேலிகளுக்கு நடுவே நெடுநேரம் பேசாமல் நடந்துவந்த ஒரு காலையில், "அப்பா ஆரம்பிச்ச கம்பெனிங்க; இதை நடத்தோணும்னு எனக்கு ஆசை இருக்குதான்னே தெரியலீங்க" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் திரும்பவில்லை. உடனே அடுத்த கேள்வியைத் தொடுக்காமல் வேலி முடியும் வரை நடந்தேன்; மீதியை அவரே சொன்னார். அறையில் அரை நிமிட மௌனம்கூட இருவரையும் நெளியவைக்கும். நடையிலோ மௌனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றில், நடந்தவர்களின் படைப்பாற்றல் வெளிப்பாடு அமர்ந்திருந்தவர்களைவிடச் சராசரியாக 60 விழுக்காடு கூடியிருந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டறியும் பணியில் நடை கைகொடுக்கவில்லை. இயற்கையின் பங்கை 2015இல் அதே பல்கலைக்கழகத்தினர் நடத்திய இன்னோர் ஆய்வு காட்டியது: இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், தம்மைப் பற்றிய கவலையையே திரும்பத் திரும்ப எண்ணும் போக்கு குறைந்தது, பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களிடம் அது நிகழவில்லை. பயிற்சி உரையாடலைப் பற்றிய ஆய்வுகள் அல்ல இவை என்றாலும், என் அமர்வின் ஒழுங்கை இவற்றைக் கொண்டே அமைத்தேன். வழிகளைத் தேடும்போது நடக்கிறோம். முடிவெடுக்கும் நேரம் வந்ததும் ஒரு மரத்தடியில் அமர்ந்து, அடுத்து செய்யவேண்டியதை அவரே தம் கைப்பட எழுதிக்கொள்கிறார்.

இடத்தைத் தேர்வதுதான் இப்பணியில் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை அழகானது, நிழலும் உண்டு. ஆனால் தொழிலதிபர் ஒருவருடன் அங்கே நடந்தால், பத்தடிக்கு ஒருவர் "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்று வணக்கம் சொல்வார். தெரிந்த முகம் எதிரே வரக்கூடிய இடத்தில் மனம் திறக்காது என்பதால், சிங்காநல்லூர் குளத்தையோ திருப்பூரின் நஞ்சராயன் குளத்தையோ வார நாளில், கூட்டமில்லாத வேளையில் தேர்கிறேன். சித்திரை வெயிலில் காலை ஆறரைக்குள் தொடங்கிவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மாலையும் நடைக்கு ஏற்றது. வெள்ளியங்கிரி அடிவாரத்துக்கு அழைத்துப் போகச் சொல்பவர்கள் பலர். யானை நடமாடும் அந்தப் பாதைகளில் காது முழுவதும் புதரசைவிலேயே இருக்கும் என்பதால் மறுத்துவிடுகிறேன்.

திறந்த வெளியில் மனம் எதிர்பாராத ஆழத்துக்கும் போய்விடுவதுண்டு. தூக்கமின்மையோ வாழ்வின் மீதான வெறுப்போ பேச்சில் தலைகாட்டினால், அது என் பயிற்சியின் எல்லைக்குள் வராது என்பதை அங்கேயே சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் சம்மதித்தால், வீடு திரும்பும் முன்பே மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.