மூன்று பழைய பெட்டிகளும் ஒரு கடன் நோட்டும்

அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டு ஒன்று உண்டு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்டும் வேலை குறையட்டுமே என்று, அவர் எழுதும் எண்களைப் படிக்கிற சின்ன மாடல் ஒன்று செய்து தருகிறேன் என்றேன். ஊரில் சித்தப்பாவும் கடை வைத்திருக்கிறார். அவர் நோட்டும் சேர்ந்தால் மாடல் இன்னும் தேறும். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "நோட்டு கடையை விட்டு வெளிய வராதுப்பா. நம்ம கணக்குன்னா பரவால்ல, இது அடுத்தவங்க கணக்கு."

சரி, நோட்டு வராவிட்டால் மாடலை நோட்டிடம் அனுப்புவோம் என்று ஃபெடரேட்டட் லேர்னிங் பக்கம் வந்தேன். சர்வர் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மாடலை அனுப்பும். ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருக்கும் தரவை வைத்து அதற்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, மாறிய வெயிட்களை (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) மட்டும் திருப்பி அனுப்பும். எந்தக் கருவியிடம் தரவு அதிகமோ அதற்குக் கூடுதல் மதிப்பு கொடுத்து சர்வர் சராசரி எடுக்கும். அதுதான் அடுத்த ரவுண்டுக்கான மாடல். கூகுளில் மெக்மஹன் குழு 2016-ல் எழுதிய கட்டுரையில் இருப்பது சாரமாக இவ்வளவுதான். 2017-ல் ஜிபோர்டு கீபோர்டில் இதைச் சோதிப்பதாக கூகுள் அறிவித்தது.

ஃப்ளவர் போன்ற தயார் லைப்ரரிகள் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நான் நம்பை என்ற பைத்தான் கணக்கு லைப்ரரியில் கையால் எழுதினேன். வீட்டில் கிடந்த ராஸ்பெரி பை 4 (உள்ளங்கை அளவுக் கணினி), ஒரு பை 3, திரை உடைந்த ஆண்ட்ராய்டு போன், இவை மூன்றும் மாணவர்கள். என் லேப்டாப் சர்வர். முதலில் எம்னிஸ்ட் என்ற பொதுத் தொகுப்பில் இருக்கும் கையெழுத்து எண் படங்கள் 60,000-ஐ மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன்.

மாடல் அந்தக் கட்டுரையில் வருகிற அதே சின்ன நெட்வொர்க்: 784 உள்ளீடு (படப் புள்ளிக்கு ஒன்று), 200 நியூரான் வீதம் இரண்டு அடுக்கு, 10 விடை. மொத்தம் 1,99,210 எண்கள், ஏறக்குறைய 797 கேபி. படங்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்ததால் பயிற்சி சிரமமில்லாமல் ஏறியது. சந்தோஷமாக நெட்வொர்க் கணக்கைப் பார்த்தேன். ஒரு ரவுண்டுக்கு ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தடவை இறக்கம், ஒரு தடவை ஏற்றம். மூன்று கருவி, 100 ரவுண்டு என்றால் 478 எம்பி. அந்த 60,000 படங்களையும் சுருக்காமல் அப்படியே அனுப்பியிருந்தால்கூட 47 எம்பிதான்! 'தரவை அனுப்ப வேண்டாம், மிச்சம்' என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது என் அளவுக்குத் தப்பு. பத்து மடங்கு செலவு செய்துதான் நோட்டை வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

செலவைக் குறைக்க ஒரு வழி, அனுப்புவதற்கு முன் கருவியிலேயே தரவை ஒரு சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று ஓட்டுவது. ரவுண்டுகள் நன்றாகக் குறைந்தன. அப்புறம் அசல் கடை நிலைமைக்குக் கிட்டே போகலாம் என்று படங்களைக் கலைக்காமல் பிரித்தேன்: பை 4-க்கு 0 முதல் 3 வரை, பை 3-க்கு 4 முதல் 6 வரை, மிச்சம் போனுக்கு. எல்லாம் கெட்டது. ஐந்து சுற்று முடிவதற்குள் பை 3 உலகத்தில் மூன்றே எண்கள்தான் இருப்பதாக நம்பிவிடுகிறது. இப்படி மூன்று பிடிவாதக்காரர்களைச் சராசரி எடுத்தால் வருவது யாருக்கும் உதவாத மாடல். துல்லியம் ஒரு ரவுண்டு ஏறும், அடுத்ததில் இறங்கும். கருவியில் ஓட்டும் சுற்றை ஒன்றாகக் குறைத்து, கற்கும் வேகத்தையும் குறைத்த பிறகுதான் அடங்கியது. அதாவது ரவுண்டுகள் திரும்பக் கூடின, கூடவே எம்பியும்.

இதற்கிடையில் போன் தனிக் கதை. டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆண்ட்ராய்டு அதைக் கொன்றுவிடும். பேட்டரி வேறு கையைச் சுட்டது. ஜிபோர்டு ஏன் போன் சும்மா இருந்து, சார்ஜில் இருந்து, வைஃபையிலும் இருந்தால் மட்டும் பயிற்சி நடத்துகிறது என்பது அன்றைக்குப் புரிந்தது. பை 3-யை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். கோடை. 80 டிகிரியைத் தொட்டதும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் அதற்காகக் காத்திருக்கும். ஜன்னல் ஓரம் மாற்றினேன், அவ்வளவுதான்.

நான்காவது வாரம்தான் உண்மையான அடி. அப்பா எழுதிய சில எண்களை மட்டும் அவர் சம்மதத்தோடு படம் எடுத்து அந்தப் போனிலேயே வைத்திருந்தேன். வெயிட்கள் மட்டும்தானே வெளியே போகின்றன, அவற்றிலிருந்து என்ன தெரிந்துவிடும் என்று சோதித்தேன். ஒரே படம், ஒரே ஒரு அடிப் பயிற்சி. முதல் அடுக்கில் ஒரு நியூரானை எடுத்து, அதன் வெயிட்களில் வந்த மாற்றத்தை அதன் பயாஸில் (நியூரானின் கூட்டலில் தனியாகச் சேரும் ஒரு எண்) வந்த மாற்றத்தால் வகுத்தேன். வகுத்தால் உள்ளீடு அப்படியே வரும் என்பது கணக்குப் பாடம், கிரேடியன்ட் (எந்த எண்ணை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்வது) சூத்திரத்திலேயே இருக்கிறது. மாற்றமே இல்லாத நியூரானாக இருந்தால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். இரண்டு வரி நிரல். திரையில் மேல்பக்கம் மூடிய ஒரு 4 வந்து நின்றது. அப்பா மட்டும்தான் அப்படி எழுதுவார், பார்ப்பவர்கள் 9 என்றே படிப்பார்கள்.

அப்பாவிடம் காட்டினேன். "இது என் நாலு ஆச்சே. அப்ப நோட்டு வெளிய வந்துருச்சா?" என்றார். பதில் சொல்லவில்லை.

நிறையப் படங்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் இப்படி வகுத்து வருவது கலங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. கிரேடியன்டிலிருந்து படங்களை மீட்டெடுக்க இதைவிடக் கெட்டிக்கார வழிகள் 2019-லேயே வந்துவிட்டன.

எனவே முகமூடி. 2017-ல் பொனாவிட்ஸ் குழு எழுதிய பாதுகாப்பான கூட்டல் முறையைச் சுருக்கி எழுதினேன். இரண்டு இரண்டு கருவிகளாகச் சேர்ந்து ஒரு ரகசியத் தொகுதி எண்களை வைத்துக்கொள்ளும். ஒன்று அதைக் கூட்டி அனுப்பும், மற்றது கழித்து அனுப்பும். தனித்தனியாகப் பார்த்தால் வெறும் இரைச்சல், மூன்றையும் கூட்டினால் ரகசியங்கள் அடிபட்டுப் போய்ச் சரியான தொகை. என்னுடைய முதல் முயற்சியில் முகமூடிக்கு லட்சக்கணக்கில் தசம எண்களைப் போட்டேன். 32 பிட் தசமத்தில் ஏழு இலக்கம் சுமாராகத்தான் நிற்கும், குட்டி வெயிட்கள் மொத்தமும் கரைந்துபோயின. வெயிட்களை 65,536-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிய பிறகுதான் கூட்டல் கச்சிதமாக வந்தது. எல்லாப் பெட்டியும் உங்களுடையதுதானே, யாரிடமிருந்து யாருக்கு மறைக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

தனி ஒருவர் தரவு தெரியாமல் இரைச்சலால் மறைக்கும் டிஃபரன்ஷியல் பிரைவசிக்காக மாற்றங்களை ஓர் அளவுக்கு வெட்டி இரைச்சல் சேர்த்தும் பார்த்தேன். மாடல் குருடாகிவிட்டது. ஏராளமான போன்கள் சேரும்போது சராசரியில் அந்த இரைச்சல் கரையும். மூன்று பேரில் எங்கே கரைவது? அதை மூடிவைத்துவிட்டேன்.

இப்போது நிற்கும் இடம் இது: போன வாரம் பயிற்சி நடுவில் கரண்ட் போனது. லேப்டாப்புக்கும் போனுக்கும் பேட்டரி இருந்தது, பை 4 யூபிஎஸ்ஸில் இருந்தது, பை 3 மட்டும் செத்தது. அதன் ஜோடி முகமூடிகள் அடிபடாமல் நின்று, மொத்த மாடலும் குப்பையானது. இதற்கும் பொனாவிட்ஸ் குழுவின் கட்டுரையில் வழி உண்டு. ஒவ்வொரு கருவியும் தன் ரகசியத்தைத் துண்டுகளாக்கி மற்றவர்களிடம் முன்பே கொடுத்துவைக்க வேண்டும், ஷமீர் 1979-ல் சொன்ன முறை. நடுவில் ஒருவர் காணாமல் போனால் மிச்சம் இருப்பவர்கள் துண்டுகளைச் சேர்த்து அவர் முகமூடியைக் கழித்துவிடலாம். பாதி எழுதியிருக்கிறேன். அது முடியும்வரை சித்தப்பாவிடம் பேச்சை எடுப்பதாக இல்லை. அவர் ஊரில் கரண்ட் இன்னும் மோசம்.