கல்லைக் காட்டிக்கொடுத்த நிழல்

அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலி. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட இரவுகளில் அது முதுகு வரை போகும். வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்தே சமாளித்துவந்தார். கடைசியில், பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று டாக்டர் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். ஒலியை உடலுக்குள் அனுப்பி, எதிரொலியை வைத்துப் படம் காட்டும் ஸ்கேன் அது.

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். காலைக் காபியும் கூடாது. பாலில் உள்ள கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குத் தள்ளிவிடும். சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது கஷ்டம். 6 மணி நேரமாவது பட்டினி இருந்தால் பை நிரம்பி விரிந்திருக்கும். ஆனால் அடிவயிற்றைப் பார்க்க சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று தண்ணீர் மட்டும் குடிக்கவைத்தார்கள். "யூரின் முட்டுதாம்மா?" என்று நர்ஸ் வந்து வந்து கேட்டார். வயதானவர்களுக்கு இது லேசான காரியமில்லை. முட்டியதும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா என்னையும் உள்ளே நிற்க அனுமதித்தார். கூட்டம் இல்லாததால் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதிலும் சொன்னார். முதலில் வயிற்றில் ஜெல் தடவினார். தோலுக்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடுமாம். குடலில் வாயு இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளது தெரியாமல் போவதும் இதனால்தான்.

கையில் பிடிக்கும் அந்த ப்ரோபுக்குள் மின்சாரம் பட்டால் அதிரும் படிகங்கள் இருக்கின்றன. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. நம் காதுக்குக் கேட்கும் எல்லையே 20 கிலோஹெர்ட்ஸ்தான். ஒலியை அனுப்பிவிட்டு அதே படிகங்கள் எதிரொலிக்குக் காத்திருக்கும். உடலுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்பிய நேரத்திலிருந்து ஆழத்தை இயந்திரம் கணக்கிடுகிறது. 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 130 மைக்ரோநொடி. பலமாகத் திரும்பினால் வெள்ளைப் புள்ளி, ஒன்றுமே திரும்பாவிட்டால் கறுப்பு.

பித்தநீர் திரவம் என்பதால் பித்தப்பை கறுப்பாக, பேரிக்காய் வடிவில் தெரிந்தது. அதற்குள் வெள்ளையாக ஒரு கீற்று. நான் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அதன் கீழே ஓடிய கறுப்புப் பட்டையைக் காட்டினார். கல் ஒலியைத் தடுத்துவிடுவதால் பின்னால் இருப்பதிலிருந்து எதிரொலி வருவதில்லை. அதுதான் கல்லின் நிழல். அதோடு விடவில்லை. "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்றார். வெள்ளைக் கீற்று உருண்டு இடம் மாறியது. பையின் சுவரில் வளர்ந்த சதையாக இருந்தால் நகராது. அப்புறம் பித்தப்பைக்கு நேர் மேலே ப்ரோபை அழுத்தி, "இங்கே சுரீர்னு வலிக்குதா?" என்று கேட்டார். கடுமையான வீக்கம் இருந்தால் அந்த இடத்தில்தான் வலி உச்சத்தில் இருக்குமாம். அம்மாவுக்கு அப்படி இல்லை.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்கேன் என்பது போட்டோ எடுப்பது போல் பொத்தானை அமுக்கி முடிகிற வேலை இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது, திருப்பிப் படுக்கவைப்பது, அழுத்திக் கேட்பது எல்லாமே நோயைக் கண்டுபிடிக்கும் வேலைதான். கையில் தரும் அச்சுப் படங்களில் அதில் கொஞ்சம்தான் தங்குகிறது. அந்தப் படங்களை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பி இன்னொரு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்பதில் பெரிய பலனிருக்காது. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பதை ஸ்கேன் எடுப்பவரிடமே சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீட்டருக்குள், பித்தக்குழாய் விரியவில்லை என்று இருந்தது. இரண்டும் நல்ல செய்தி. ஆனாலும் குழாயின் கீழ்முனையில் கல் இருந்தால் அதைக் குடல்வாயு மறைத்துவிடலாம் என்பதால் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார் அறுவைசிகிச்சை டாக்டர். அதுவும் சரியாக இருந்தது. "பெரிய ஸ்கேனா சி.டி. எடுத்துடலாமே?" என்று சித்தப்பா கேட்டார். சில கற்கள் பித்தநீரின் அடர்த்தியிலேயே இருப்பதால் சி.டி.யில் தெரியாமல் போகும், பித்தப்பைக் கல்லுக்கு இந்த ஸ்கேன்தான் முதல் பரிசோதனை என்று டாக்டர் விளக்கினார்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவைசிகிச்சையில், பித்தப்பையை எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் ஈரல் கொழுப்பு, முதல் நிலை என்றும் ஒரு வரி இருந்தது. பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தைவிட ஈரல் வெளுப்பாகத் தெரிந்ததை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். அதற்காக 6 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்போது இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.