அம்மாவின் நாடி

அம்மா தேயிலை மலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று கங்காணி ஆள் அனுப்பினார். கூடையோடு மேடு ஏறினால் மூச்சு வாங்குவது ஒரு வருசமாகவே இருந்தது. "நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சிக்கிற மாதிரி இருக்குடி" என்பார். முன்பு காட்டிய இடத்தில் வயிற்றுக் கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடுமே என்ற பயத்தில் அம்மாவும் அதோடு விட்டுவிட்டார்.

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி (தாதி) மணிக்கட்டைப் பிடித்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒருவர் கையில் எண்ண, மற்றவர் நெஞ்சில் குழாயை வைத்து அதே நிமிடத்தை எண்ணினார். நெஞ்சில் 128, கையில் 96. இதயம் நிரம்புவதற்குள் அவசரமாக அடித்த அடிகள் கைவரைக்கும் வந்து சேரவில்லையாம்.

டொக்டர் ஈ.சி.ஜி. தாளின் மேல் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து, மூன்று முனைகளுக்கு நேரே பேனாவால் கோடிட்டார். அதை மெதுவாக நகர்த்தினார். அடுத்த முனைகள் எந்த இடத்திலும் கோட்டில் விழவில்லை. முனைக்கு முன்னால் வரவேண்டிய சின்ன மேட்டையும் காணோம். சிங்களத்தில் அவர் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன்: இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது, பேர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். "பழகாதவன் தப்பு மேளம் அடிச்ச மாதிரியா?" என்றார் அம்மா. என் மொழிபெயர்ப்பை விட அது நன்றாக இருந்தது.

துடிப்புத் தடுமாற்றம் எல்லாம் ஒன்றில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. இடையில் ஒரு அடி தவறின மாதிரி வருவது பலருக்கு ஒன்றும் செய்யாது. கீழறையில் கிளம்பும் வேகமோ ஆளையே சாய்த்துவிடும். பக்கத்து லயத்துச் சித்தப்பாவுக்கு நேர்மாறு, நாடி 40க்குக் கீழே இறங்கி மயங்கி விழுவார். துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி வைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

காரணம் தேடி தைரொயிட், பொட்டாசியம், இரத்தசோகை என்று இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரி. கினிகத்தேனை வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டே இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுக்கக் கண்டிக்குப் போனோம். அங்கே கேட்டார்கள்: சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? பதினொரு வயதில் வந்திருக்கிறது. பாட்டி நொச்சி இலை வதக்கிக் கட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் தொண்டை நோவைக் கொண்டுவந்த கிருமியோடு உடம்பு போட்ட சண்டை இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வையும் தாக்கி, வால்வு சுருங்கி, பின்னால் இருந்த மேலறை வருசக்கணக்கில் பெருத்துப்போனது. அந்தத் தொண்டை நோவுக்கு நேரத்தோடு பென்சிலின் கிடைத்திருந்தால்? லயத்தின் ஒரே காம்பரா அறையில் எட்டுப் பேர் படுத்த காலம். எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க, இரத்தத்தை எளிதில் உறையவிடாத வாஃபரின் மாத்திரை. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கணக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றால்தானே! ஒரு மாதம் 1.4, அடுத்த மாதம் 4.1. கடைசியில் பிடிபட்டது வல்லாரைக் கீரை, அதிகம் தின்றால் மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடுமாம். கிடைத்தால் நாலு நாள் தொடர்ந்து சம்பல், இல்லாவிட்டால் இரண்டு கிழமைக்குக் கீரையே இல்லை. நிறுத்த வேண்டாம், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் மிஸ்ஸி. மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவதற்கும் தடை.

போன கிளினிக்கில் ஐ.என்.ஆர். 2.6. நாடியும் எண்பதுக்கு இறங்கியிருக்கிறது, தாளம் மட்டும் இன்னும் சேரவில்லை. வால்வைப் பலூனால் விரிக்கத் திகதிக்குக் காத்திருக்கிறோம். கூடை கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. யாருக்கும் கொடுக்க அம்மா விடவில்லை.